ஏழாவது கல்

அவரிடம் தூரத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஏறக்குறைய’ என்று சொல்லிவிடக் கூடாது. முகம் சுருங்கிவிடும். ‘பக்கத்துலதான்’, ‘கூப்பிடு தூரம்’, ‘இந்தா ஒரு எட்டு’ என்று சொல்கிறவர்களையெல்லாம் அவர் பொய்யர்கள் வரிசையில்தான் வைத்திருந்தார். கூமாப்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு பக்கத்தில்தான் என்று பெண்ணின் அப்பா சொல்லியிருக்கிறார். இவர் நடந்து போய், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “பக்கம்னு சொன்னீக. வலது காலு மட்டும் எழுநூத்திப் பதினாலு தடவ விழுந்துருக்கு” என்றாராம். அதற்குப் பிறகும் அந்தக் கல்யாணம் நடந்தது என்பது ஆச்சரியம்தான்.

“அவிய என்னயக் கட்டுனதுக்கு ரோட்டோரத்துல ஒரு கல்லப் பாத்துக் கட்டிருக்கலாம்” என்று அந்த அக்கா சொல்லிச் சிரிக்கும். அவரும் மறுத்ததில்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவருக்கு வீடு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பதிலி ஆள். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராமல் போனால் மட்டும்தான் பதிலிக்கு வேலை. ஷிப்டுக்கு முன்னால் கேட்டில் போய் நிற்க வேண்டும். டைம் ஆபீஸில் பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போகலாம். கூப்பிடாவிட்டால் வீட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். வேலை உண்டா இல்லையா என்று தெரியாத இடத்துக்கு எதற்குப் பஸ் ஏற வேண்டும் என்று ஒரு நாள் ஓடிப் போயிருக்கிறார். பதினோரு கிலோமீட்டர். அன்றைக்குப் பெயரைக் கூப்பிடவில்லை. திரும்பவும் பதினொன்று. அதிலிருந்து பத்து வருஷம் அப்படியே ஓடினார். மற்ற ஊர்களில் மாரத்தான் ஓட்டக்காரர்கள் எப்படி உருவாகிறார்களோ தெரியாது, எங்கள் பக்கம் ஒருவர் இப்படித்தான் உருவானார்.

கையில் கடிகாரம் கிடையாது. வலது கால் தரையில் விழுவதை மட்டும் எண்ணிக்கொண்டு ஓடுவார். ஒரு கல்லிலிருந்து அடுத்த கிலோமீட்டர் கல் வரைக்கும் முந்நூற்று அறுபது. கல்லைத் தாண்டும்போது இடது கையை லேசாக உயர்த்திவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார். உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஆண்டாள் கோயிலுக்குப் பூ கொண்டுபோகிற பெரியவர் ஒருவர், ‘நாமம் சொல்லிக்கிட்டே ஓடுறான் பாரு, என்ன பக்தி!’ என்று டீக்கடையில் மெச்சியதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பெரியவரின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் அப்போது ஒரு சாலை ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளன். பெயர்தான் மேற்பார்வை. ஆள் சேர்ப்பது, டீ வாங்கிக் கொடுப்பது, அதிகாரியின் ஜீப் வரும்போது மட்டும் அங்கும் இங்கும் வேகமாக நடப்பது, இவ்வளவுதான் உத்தியோகம். அவரை விட எட்டு வயது சின்னவன். ரோட்டில் தினமும் பார்த்துப் பார்த்துப் பழக்கமானது. என்னிடம் சைக்கிளும் கைக்கடிகாரமும் இருந்ததால், வாரத்தில் ஒரு நாள், மில் விடுமுறையன்று, நேரம் பார்க்க என்னைக் கூப்பிடுவார். ‘ராஜபாளையம் 6’ என்று எழுதிய கல்லிலிருந்து ‘ராஜபாளையம் 7’ வரை ஓடுவார். நான் பக்கத்தில் சைக்கிளில் போவேன். மேடு பள்ளம் இல்லாத, வீடு நாய் தொந்தரவு இல்லாத கிலோமீட்டர் அது ஒன்றுதான் என்று தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அடுத்த கிலோமீட்டரில் பஸ் நிற்கும், ஆடு குறுக்கே வரும், அதில் எண்ணவே மாட்டார்.

அது முழு வேக ஓட்டம் இல்லை. நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கும் தாங்குகிற வேகம், பேச்சுக் கொடுத்தால் மூச்சு வாங்காமல் பதில் சொல்லக்கூடிய வேகம். நாலு நிமிடம் பத்து விநாடி வரும். ஒரு விநாடி கூடினாலும் குறைந்தாலும் எனக்கு டீ கிடையாது, மறுபடியும் ஓடுவார்.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும். ஒரு நாள் நான், “கோபுரம் தெரிஞ்சுட்டாலே வீடு வந்த மாதிரி இருக்குல்லண்ணே” என்றேன். அவர் நின்றே விட்டார்.

“அத மட்டும் நம்பிராத தம்பி. கோபுரம் பக்கத்துல இருக்க மாதிரியே காட்டும். அதப் பாத்து ஓடுனா செத்த நேரத்துல நாக்குத் தள்ளிரும். கல்லு என்ன சொல்லுதோ அதான் கணக்கு.”

ஆயுத பூஜை வந்தால் மில்லில் இயந்திரத்துக்கெல்லாம் சந்தனம் பூசி, மாலை போட்டு, பொரிகடலை கொடுப்பார்கள். சாலை வேலை செய்கிற எங்கள் ஆட்கள் மண்வெட்டி, கடப்பாரையோடு ரோட்டோரத்துக் கிலோமீட்டர் கல்லுக்கும் பொட்டு வைத்துப் பூ போடுவது வழக்கம். இவர் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிடுவார். தேங்காய்ச் சிரட்டையில் சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு, ஆறாவது கல்லுக்கும் ஏழாவது கல்லுக்கும் தன் கையால் பூசுவார். எங்கள் ஆட்களில் ஒரு குசும்பன், “ஓடுற காலுக்குல்ல அண்ணாச்சி பொட்டு வைக்கணும்! அதான உம்ம ஆயுதம்?” என்று கேட்டான்.

“காலுக்கு என்னலே தெரியும்? களைச்சுப் போனா தூரத்தக் கூட்டிச் சொல்லும், தெம்பா இருந்தா கொறச்சுச் சொல்லும். மனுசன் மாதிரித்தான் அதுவும். கல்லு அப்பிடி இல்ல” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் எதையுமே விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் மில்லில் பெர்சனல் ஆபீசர் அவரைக் கூப்பிட்டார். மதுரையில் ஒரு மாரத்தான் நடக்கப்போகிறது, மில் பெயர் போட்ட பனியனோடு ஓடு, முதல் மூன்று பேருக்குள் வந்தால் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி முதலாளியிடம் பேசியாயிற்று என்றார். அவருக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பதிலியாகப் பத்து வருஷம் கழிந்திருந்தது. அடுத்த வருஷம் ஓடலாம், அதற்கடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஒத்திப்போடுகிற வயது இல்லை. என்னிடம் வந்து சொன்னார்.

“கேட்டுல நிக்கவேண்டாம் தம்பி. பேரக் கூப்பிடுவானான்னு அவன் வாயவே பாத்துக்கிட்டு நிக்கவேண்டாம். அது ஒண்ணு போதும் எனக்கு.”

அந்தச் சமயத்தில்தான் ரோட்டை அகலப்படுத்துகிற வேலை எங்களுக்கு வந்தது. இரண்டு பக்கமும் புளியமரங்களை வெட்டினார்கள். கல்லையெல்லாம் பிடுங்கி ஓரிடத்தில் குவித்துவைத்தோம். நான்கு மாதம் ரோட்டில் கல்லே இல்லை. அந்த நான்கு மாதமும் அவர் சோறு பிடிக்காதவர் மாதிரி இருந்தார். “எப்பத் தம்பி நடுவீங்க?” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

அந்தப் பகுதிக்கு முதலில் தார் போட்டு முடித்து, புது ஓரத்தில் கல் நடுகிற வேலை என் பொறுப்பில் வந்தது. பக்கத்துக் கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்து நட வேண்டும். ஆறாவது கல்லை ஒழுங்காகத்தான் நட்டேன். ஏழாவது கல்லுக்கு உரிய இடத்தில் கடப்பாரை இறங்கவில்லை. ஒரு முழத்துக்குக் கீழே பாறை. இந்தப் பக்கம் தள்ளிக் குத்திப் பார்த்தோம், அங்கேயும் பாறை. இன்னும் தள்ளினோம். சாயங்காலம் அதிகாரி வருகிறார், அதற்குள் கல் நின்றாக வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். மண் இளகலாக இருந்த இடத்தில் குழி தோண்டி நடச் சொல்லிவிட்டேன். ராஜபாளையம் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வந்துவிட்டது என்று தெரியும். எவ்வளவு என்று அளக்கவில்லை. ரோட்டில் போகிற எவன் அளந்து பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். அளந்து பார்க்கிற ஒரே ஒரு மனிதரை எனக்குத் தெரியும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த வார விடுமுறையன்று விடியற்காலையில் ஓடினார். நான் சைக்கிளில். ஏழாவது கல்லைத் தாண்டியதும் நின்று, திரும்பி அந்தக் கல்லையே பார்த்தார். கடிகாரத்தில் மூன்றே முக்கால் நிமிடம்.

“முந்நூத்தி இருவத்தஞ்சு” என்றார். “முப்பத்தஞ்சு தடவ கொறையுது. தம்பி, கல்லு தள்ளி வந்துருச்சோ?”

வெட்டிய மரங்கள் இருந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். இப்போது இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்தது. ஆமாண்ணே, நான்தான் தள்ளி நட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டேப் பிடித்துத்தான் நட்டோம் என்று அதிகாரியிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. இவர் வாய் சும்மா இருக்காது, டீக்கடையில் சொல்வார், அது ஒப்பந்தக்காரர் காதுக்குப் போகும், என் வேலை போகும். இதெல்லாம் ஒரு நொடியில் மனசுக்குள் ஓடியது.

“டேப்பு பிடிச்சு நட்டதுண்ணே” என்றேன்.

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் வாய் விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “அப்பம் காலுதான் நீண்டுருச்சு” என்றார். “நாலு மாசம் கல்லு இல்லாம ஓடுனதுல எட்டு நீளமாயிருச்சு தம்பி. பாத்தியா, எனக்கே தெரியல.” எனக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

பிறகு ஒவ்வொரு வாரமும் அதே முந்நூற்று இருபத்தைந்து. மற்ற இடங்களில் வேலை முடியாமல் கல் நடாததால், ஒத்துப்பார்க்க அவருக்கு வேறு கல்லும் இல்லை. அவர் நடையே மாறிப்போனது. அக்கா எனக்குப் பணியாரம் கட்டிக் கொடுத்து அனுப்பியது. ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். பயம் பாதி, அந்த முகம் பாதி. இன்றைக்கு யோசித்தால் முகத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன் என்றுதான் தோன்றுகிறது. பயம்தான் முழுசும்.

மதுரைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பஸ்ஸில் போனோம். பந்தயம் நெடுஞ்சாலையில் போய்த் திரும்புகிற மாதிரி வைத்திருந்தார்கள். ரோட்டோரம் முழுக்கக் கிலோமீட்டர் கல். அதைப் பார்த்ததும் அவருக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. நான் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு ரோட்டின் ஓரமாகவே கூடப் போனேன்.

முதல் கல்லைத் தாண்டியபோது இடது கையைத் தூக்கினார், ஆனால் முகம் வாடியிருந்தது. இரண்டாவது கல்லில் என்னைப் பார்த்து, “முந்நூத்தி அறுவது. கூடுது தம்பி” என்றார். நாலாவது கல்லிலும் அதேதான். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம் பத்து விநாடி. அவருடைய பழைய ஓட்டம். பத்து வருஷம் ஓடிச் சேர்த்த நிஜமான ஓட்டம் அது. வலிக்காமல், மூச்சு வாங்காமல் அழகாக ஓடிக்கொண்டிருந்தார்.

“சரியாத்தாண்ணே போறீங்க. இப்பிடியே போங்க” என்று கத்தினேன்.

“என்னத்தச் சரி? காலு ஏமாத்துது! இன்னிக்கின்னு பாத்துச் சுருங்கிப் போச்சு!”

அந்த இடத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். கால் ஏமாற்றவில்லை, நான்தான் ஏமாற்றினேன் என்று கத்தியிருக்க வேண்டும். சைக்கிள் மிதித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். “மெதுவாண்ணே” என்பதுதான் வந்தது. அவர் எட்டை நீட்டிப் போட ஆரம்பித்துவிட்டார். முந்நூற்று நாற்பத்தைந்து, முந்நூற்று முப்பத்தைந்து என்று கல்லுக்குக் கல் குறைத்துக்கொண்டே போனார். முன்னால் போனவர்களைத் தாண்டினார். திரும்புகிற இடத்தில் அவர்தான் இரண்டாவது. மில் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது, ஆனால் சத்தம் வெளியே வந்தது. அவர் எண்ணுவது காதில் கேட்டது அன்றைக்குத்தான்.

முப்பத்து நாலாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. விழுந்தார். எழுந்தார். நாலு எட்டு வைத்ததும் மறுபடியும் விழுந்தார். தண்ணீர் கொடுக்கப் போனால் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு நடைதான். அவர் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். முடிவுக் கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டி, மண்ணில் உட்கார்ந்து, தன் தொடையிலேயே ஓங்கி ஓங்கிக் குத்தினார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்றாவதாக வந்தவரின் நேரத்தைக் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். நாலு நிமிடம் பதினோரு விநாடி வந்தது. பக்கத்தில் அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். பழைய ஓட்டத்தை ஓடியிருந்தால் போதும். அதற்குமேல் எனக்குக் கணக்குப் போடத் தெம்பில்லை.

மில்லில் யாரும் அவரைத் திட்டவில்லை. பனியனைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. மறுநாள் வழக்கம்போலக் கேட்டில் நின்றார், ஆனால் பஸ்ஸில் வந்து நின்றார். அதன் பிறகு அவர் ஓடவே இல்லை. நாலைந்து வருஷத்தில் பதிலிப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். மாமனாருக்குத் துணையாகக் கூமாப்பட்டியில் வயல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். நான் வேறு ஊர் வேலைகளாகக் கேட்டு வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமே தலை காட்டவில்லை. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன்.

“யாரயும் ஒரு சொல்லு சொல்லல தம்பி. குளிக்கையில காலப் பாத்துப் பாத்து வையிறாவ. ‘நம்பிக் கெடுத்துட்டியே, சோறு போட்டு வளத்தேனே’ன்னு, பெத்த பிள்ளய வையிற மாதிரி. எனக்குக் கேக்க முடியல” என்றது. நான் பஸ் வந்துவிட்டதாகச் சொல்லி வேறு ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஒன்பது வருஷம் கழித்து அதே ரோட்டை மறுபடியும் அகலப்படுத்துகிற வேலை வந்தது. தப்பிக்க வழியில்லாமல் போனேன். போன முதல் நாளே, ஆட்கள் வருவதற்கு முன்னால், ஆறாவது கல்லிலிருந்து ஏழாவது கல் வரைக்கும் தனியாக டேப் பிடித்தேன். தொண்ணூற்றேழு மீட்டர் குறைந்தது.

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. நான் மொபெட்டில் போனபோது அவர் ஏழாவது கல்லுக்கு முன்னால் குனிந்து, பழைய துணியால் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் சிரட்டையில் சந்தனம், காகிதப் பொட்டலத்தில் குங்குமம், ஒரு முழம் பூ. ஓடாத இத்தனை வருஷமும் பூஜைக்கு வரத் தவறவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வா தம்பி! நீதான் இந்த வேலையப் பாக்கன்னு கேள்விப்பட்டேன். நல்லதாப் போச்சு. திரும்பக் கல்லப் பிடுங்குவீகளாம்ல?”

“ஆமாண்ணே.”

“பிடுங்குனா என்ன? பொறவு நடுறப்ப இதே எடத்துல நட்டுருவல்ல? ஒரு அடி அங்கிட்டு இங்கிட்டுப் போயிராம? வேற எவன்கிட்டயும் இதச் சொல்ல முடியாது. நீன்னா போன தடவ மாதிரியே ஒழுங்கா டேப்பு பிடிப்ப.”

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாறை, கடப்பாரை, அதிகாரி, டேப் பிடித்ததாகச் சொன்ன பொய், எல்லாமே. சொல்லி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எம்புட்டு?”

“தொண்ணூத்தேழு மீட்டருண்ணே.”

உதடு அசைந்தது. எண்ணிக்கையில் குறைந்த அந்த முப்பத்தைந்தை மீட்டராக்கிப் பார்க்கிறார் என்று புரிந்தது. “சரியா வருது” என்றார்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கல்லுக்கு முன்னால் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு இரண்டு கால்களையும் நீட்டினார். கெண்டைச் சதை வற்றிப்போய், எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒம்பது வருசமா இதுகளப் போட்டு வைதுட்டேனே” என்றார்.

சிரட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சந்தனத்தை வழித்து, வலது காலில் முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் பூசினார். பிறகு இடது காலில். விரலால் குங்குமத்தைத் தொட்டு இரண்டு முழங்காலிலும் பொட்டு வைத்தார். சிரட்டையில் கொஞ்சமும் மீதியில்லை. கையைத் துணியில் துடைத்து, ஊன்றி எழுந்து, வேட்டியை இறக்கிவிடாமலே மடவார் வளாகத்தைப் பார்த்து நடந்தார்.

அந்த வருஷம் ஏழாவது கல்லுக்குப் பூஜை இல்லை.